துணியில்லாத தையல்

இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவளுக்கு உலகமே எதிரி. குழாயடிச் சண்டை எதிரி, தகரக் கூரைமேல் நடைபழகும் காக்கை எதிரி, பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும் கணவர் முதல் எதிரி. ஆனால் தொற்று வந்த அந்தக் கோடையில் பெரியவளுக்கு வாய்த்த எதிரி இவர்கள் யாருமில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்.

"பாருங்க, இப்பதான் கண்ணை மூடினேன், ஆரம்பிச்சுட்டா. வேணும்னே பண்றா."

"தைக்கறவ தைக்காம என்ன பண்ணுவா?" என்றார் கணவர். ஆட்டோக்காரர். சவாரி இல்லாததால் வண்டியும் அவரும் ஒன்றாக வீட்டில் கிடந்தார்கள்.

"நான் தூங்கற நேரம் பார்த்துத்தான் தைக்கணுமா?"

"நீ தூங்கற நேரம் ஊரே முழிச்சிருக்கற நேரம்டி."

பெரியவள் தலையணையை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டாள். தலையணைக்குள்ளும் கடகடவென்று அதே சத்தம்.

பெரியவள் என்றால் வயதில் அப்படியொன்றும் பெரியவள் இல்லை. அந்த வீட்டின் மூத்த மருமகள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அந்த வீட்டு வரிசையில் எல்லோருக்கும் 'ஆஸ்பத்திரியக்கா'. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சின்னவள். கொழுந்தனின் மனைவி, தையல்காரி. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து முதலில் இருந்தது ஒரே ஒரு நீள அறை. தம்பிக்குக் கல்யாணமானதும் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். அடித்தவருக்குப் பலகை போதவில்லை. நடுவில் ஒரு சட்டி நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓட்டை விட்டுவிட்டுப் போனார். அடைக்கலாம், அடைக்கலாம் என்று இருந்து, கடைசியில் அது இல்லாமல் குடித்தனமே நடக்காது என்றாகிவிட்டது. அந்த வழியாக உப்பு போகும், தீப்பெட்டி வரும், வம்பு இரண்டு பக்கமும் போய்வரும். சின்னவளுக்குக் கிட்டப் பார்வை கொஞ்சம் மட்டு. பட்டன் கட்டுகிற கையூசியும் நூலும் தனித்தனியாக இந்தப் பக்கம் வந்து, கோத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பும்.

சின்னவளுக்கு வேறொரு விஷயத்திலும் பேர் இருந்தது. மூச்சு விடாமல் திட்டுவாள். ஆரம்பித்தால் நடுவில் கமா கிடையாது. முற்றுப்புள்ளி வருவதற்குள் கேட்கிறவனுக்கு மூச்சு வாங்கும். அவள் கணவன் லாரி டிரைவர். "எங்க வீட்டுல ஹாரன் அடிக்கறது நான் இல்லை" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்த வாய்தான் ஓட்டையை அடைத்தது.

தொற்று பரவத் தொடங்கிய நாட்கள். பெரியவளுக்கு அப்போது பகல் வேலை. ஆஸ்பத்திரியிலேயே குளித்து, உடை மாற்றி, தலை ஈரம் காயாமல் வீட்டுக்கு வருவாள். ஒரு சாயங்காலம் அவள் வரிசைக்குள் நுழைந்ததும் சின்னவளின் பெண் வாண்டு, "பெரிம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. குழாயடியில் நின்ற சின்னவள் குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து, குழந்தையைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கயே நில்லுங்கக்கா, அங்க போற உசுரையெல்லாம் துடைச்சுப் போட்டுட்டு அதே கையோட இங்க வந்து நிக்கறீங்க, உங்க பிள்ளைங்க வளந்து வெளியூர் வேலைக்குப் போயாச்சு, எனக்கு இருக்கறது இது ஒண்ணு, இவ அப்பா எந்த ரோட்டுல மாட்டிக்கிட்டு நிக்கறாரோ தெரியல, எங்க மேல கொஞ்சமாவது இரக்கம் இருந்தா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீங்க!"

எல்லாம் ஒரே மூச்சில். குழாயடியே கேட்டது. எந்தப் பேச்சுக்கும் நாக்கு நுனியில் பதில் வைத்திருக்கிற பெரியவள், குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஈரத் தலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஓட்டையில் வெட்டுத் துணி அடைத்திருந்தது. நீ துணி அடைத்தால் நான் சும்மா இருப்பேனா என்று பெரியவள் இந்தப் பக்கத்தில் அதன்மேல் காலண்டரை மாட்டினாள். அத்தோடு பேச்சு நின்றது. அடுத்த வாரமே பெரியவளை இரவு வேலைக்கு மாற்றினார்கள்.

எதிர்ச் சந்தில் ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்து, கார்ப்பரேஷன்காரர்கள் சந்து வாயிலேயே தகரம் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளேயிருந்த பெண்கள் யாரும் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுவேலைக்காரிகள், பெருக்குகிறவர்கள், கடையில் பொட்டலம் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே தகரத்துக்குப் பின்னால். இந்த வரிசைப் பெண்களுக்கு நோயைவிடத் தகரத்தின் மேல்தான் பயம். முதல் வீட்டம்மா, குழாயின் பூட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவள், தினமும் காலையில் அறிவிப்பு மாதிரிச் சொன்னாள்: "எந்த வீட்டுலயாவது இருமல் கேட்டுது, குழாயைத் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அந்தச் சமயத்தில்தான் சின்னவளின் மெஷின் ஓயாமல் ஓட ஆரம்பித்தது.

வரிசைக்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதும், அது தானாக வளரும். காலையில், "தையக்காரிக்கு மாஸ்க் ஆர்டர் வந்திருக்காம்." மதியத்துக்குள் அது கம்பெனி ஆர்டர். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வருவதற்குள் வெளிநாட்டு ஆர்டர். ஊரடங்கில் வேலை போன வரிசைப் பெண்கள் அவரவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சின்னவளின் கதவுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்களுக்கும் கொஞ்சம் குடேன். நூல் வெட்டித் தர்றோம், மடிச்சுத் தர்றோம்."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "நாளைக்கு" என்று ஒரு குரல். மறுநாளும் "நாளைக்கு". பிறகு கடகடவென்று மெஷின்.

"பார்த்தியா, ஆர்டர் வந்ததும் வாய் சுருங்கிடுச்சு" என்றாள் முதல் வீட்டம்மா. "ஒரு மணி நேரம் திட்டறவ, இப்ப ஒரு வார்த்தைக்கு மேல நமக்குத் தர மாட்டேங்கறா."

இதைப் படுத்தபடியே கேட்டபோது பெரியவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. நமக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் கதவு சாத்துகிறாள். நல்லது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, தூங்கறீங்களா?"

"உன் பொண்டாட்டி இருக்கற வீட்டுல யாரு தூங்க முடியும்? சொல்லு தம்பி. எங்க இருக்கே?"

"எல்லையிலதான். வண்டிங்க எல்லாம் நிக்குது. அது இருக்கட்டும் அண்ணி. அவளுக்கு என்ன, பெரிய ஆர்டரா? போன் எடுத்தா மெஷின் சத்தம்தான் கேக்குது. 'வேலையிருக்கு'ங்கறா, வெச்சுடறா. என் மேல ஏதாவது கோவமா?"

"உன் மேல கோவம்னா உனக்குத் தெரியாமப் போகுமா? போனே இல்லாம நீ நிக்கற ஊர் வரைக்கும் கேட்டிருக்குமே."

அவன் சிரித்தான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டான். "நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லன்னு அண்ணன் சொன்னாரு. இருந்தாலும் ஒரு தடவை எட்டிப் பாருங்க அண்ணி."

எட்டிப் பார்க்காதீங்க என்றவள் அவள். எட்டிப் பார் என்கிறவன் இவன். நல்ல ஜோடி, என்று முனகிக்கொண்டு பெரியவள் திரும்பிப் படுத்தாள். அப்போது மெஷின் மறுபடி கிளம்பியது. கொழுந்தன் பேசியதாலோ என்னவோ, முதல் தடவையாக அவள் கோபப்படாமல் கேட்டாள்.

அந்த மெஷினை அவளுக்குத் தெரியும். மாமியார் வைத்திருந்த பழைய கால்மெஷின். ஆஸ்பத்திரி வேலை கிடைப்பதற்கு முன் அவளும் அதில் உட்கார்ந்து தைத்தவள்தான். துணி இருக்கும்போது அதன் சத்தம் கனமாக இருக்கும். ஒரு ஓரம் முடிந்ததும் நிற்கும். துணியைத் திருப்புகிற இடைவெளி. பிறகு ஓடும், நிற்கும், நூல் வெட்டுகிற சின்னச் 'சிக்'. கத்தரிக்கோலை மரத்தில் வைக்கிற 'டொக்'. இதில் அது எதுவுமே இல்லை. ஓட்டை டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரே வறட்டு ஓட்டம்.

துணியே இல்லை. வெறும் மெஷின்.

"அடிப் பாவி!" என்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, எழுந்திருங்க! தைக்கவே இல்லைங்க அவ. ஆர்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னைத் தூங்க விடக்கூடாதுன்னே வெறும் மெஷினை மிதிக்கறா!"

"வெயில்ல உனக்கு ஏதோ ஆயிடுச்சு" என்றார் ஆட்டோக்காரர், கண்ணைத் திறக்காமல்.

பெரியவள் கையை ஓங்கித் தடுப்பில் நான்கு போடு போட்டாள். மெஷின் சட்டென்று நின்றது. நின்ற அந்த நொடியில், அடைத்த துணிக்கும் காலண்டருக்கும் பின்னாலிருந்து வேறொரு சத்தம் வந்தது. வாயில் எதையோ வைத்து அமுக்கி, அப்படியும் அடங்காமல், அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். தினமும் இரவு முழுக்க, கட்டில் கட்டிலாக அவள் கேட்கிற அதே இருமல்.

பெரியவளுக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

மெஷின் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை அது ஓடவில்லை, இழுத்தது. ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம். இன்னொரு தள்ளு. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக் கடக்கென்று மாட்டிக்கொண்டது. தைக்கத் தெரிந்தவள் கால் அது இல்லை. மிதியே எட்டாத யாரோ.

அவள் காலண்டரைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள். பூப்போட்ட துண்டு, கட்டம் போட்ட துண்டு, ஏதோ பள்ளிச் சீருடையின் நீலம், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டும் விழுந்ததும் தலையை ஓட்டைக்குக் கொண்டுபோனாள்.

மெஷினுக்கு அடியில் வாண்டு சப்பணமிட்டு உட்கார்ந்து, மிதிபலகையை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பாயில் சின்னவள், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, ஒரு பாவாடைத் துணியை வாயில் திணித்தபடி.

"வாண்டு, மெஷினை விடுடா கண்ணு."

குழந்தை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப நாள் கழித்துத் திறந்த ஓட்டையில் தெரிந்த முகத்தைக் கண்டு சிரித்தது. "அம்மாக்கு இருமல் வந்தா ஓட்டணும் பெரிம்மா. அம்மாக்குக் கால் வலிக்குதாம். அதான் நான் ஓட்டறேன்."

பெரியவள் ஆணியில் தொங்கிய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். அழுவதா, திட்டுவதா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தெரியாதபோது என்ன செய்வாளோ அதைச் செய்தாள். வேலையைப் பார்த்தாள்.

"ஏய், சின்னவளே. இப்படித் திரும்பு."

சின்னவள் திரும்பினாள். உதடு வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது.

"போங்கக்கா" என்றாள்.

"போறேன். போறதுக்கு முன்னாடி என்னைத் திட்டு."

"என்ன…"

"திட்டுடி. அன்னிக்குக் குழாயடியில திட்டினியே, அதே மாதிரி. ஒரே மூச்சுல. எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்கலாம்."

சின்னவள் வாயைத் திறந்தாள். "நீங்க… ஒரு…" என்றதோடு மூச்சு அறுந்தது. மறுபடி முயன்றாள். "உங்களை… யாரு…" தோள் இரண்டும் ஏறி இறங்கின. இரண்டு சொல்லுக்கு மேல் வண்டி நகரவில்லை.

பெரியவளுக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. "குப்புறப் படு. தலையணையை நெஞ்சுக்கடியில வை. ஆமா, அப்படித்தான். இப்ப நம்ம ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வேணாம்… தகரம்… இவ தனியா…"

"இவ தனியா இருக்கமாட்டா. உன் மாமா இருக்காரு."

"யாரு, நானா?" என்றார் ஆட்டோக்காரர் பின்னாலிருந்து. காலண்டர் விழுந்தபோதே எழுந்து நின்றிருந்தார்.

"ஆமா, நீங்கதான். வேற யாரு இங்க சும்மா இருக்கா?"

சின்னவள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "அன்னிக்கு… நான் உங்களை…"

"மன்னிப்பு கேக்கறதுக்கெல்லாம் மூச்சைச் செலவழிக்காதே. அதை நான் அப்புறம் வட்டியோட வாங்கிக்கறேன். அப்புறம் ஒண்ணு, இந்தச் சீக்கு என்கிட்டருந்து வந்ததுன்னு மட்டும் சொல்லாதே. இத்தனை நாளா நான்தான் உனக்கு ஒரு சிட்டிகை உப்புகூடக் குடுக்கலையே."

சின்னவளின் முதுகு குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

பெரியவள் கதவைத் திறந்தாள். வாசலில் கத்தரிக்கோல்களோடு நின்ற பெண்கள் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். முன்னால் முதல் வீட்டம்மா.

"எல்லாரும் நாலு அடி தள்ளி நில்லுங்க" என்றாள் பெரியவள். "ஆர்டரும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. அவளுக்கு வந்திருக்கு. இருமறது வெளியே கேக்கக்கூடாதுன்னு வெறும் மெஷினை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"ஐயோ, நேத்து அவ கதவைத் தொட்டேனே!"

"அப்ப நமக்கெல்லாம் தகரமா?"

"இத்தனை நாள் மறைச்சிருக்கா பாரு! பொம்பளையா அவ?" முதல் வீட்டம்மா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இனிமே அந்த ரெண்டு வீட்டுக்கும் குழாயில தண்ணி கிடையாது. அன்னிக்கே சொன்னேன்."

பெரியவள் அவளையே பார்த்தாள். ஏதோ ஒன்று இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது போலிருந்தது.

"ஏம்மா, போன மாசம் உங்க வீட்டு டி.வி. பொழுதன்னிக்கும் அலறிக்கிட்டு இருந்ததே. எதுக்கு?"

"எதுக்குன்னா? நாடகம் பார்த்தோம்."

"நாடகமா? செய்தி, பாட்டு, விளம்பரம் எல்லாம் ஒரே கத்தலா ஓடிச்சு. உங்க வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க வெளியவே வரல. எனக்குத் தூக்கம் கெட்டுப்போன கோவத்துல அப்பப் புரியல. இப்பப் புரியுது."

முதல் வீட்டம்மாவின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. அதுவே பதிலாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. கடைசி வீட்டு மருமகள். "எங்க வீட்டுல மிக்ஸிக்கா. அத்தைக்கு இருமல் வரும்போதெல்லாம் நான் மிக்ஸியைப் போட்டுடுவேன். உள்ளே ஒண்ணுமே இருக்காது."

"அதானே பார்த்தேன்!" என்றாள் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. "இவங்க வீட்டுல இவ்வளவு என்னதான் அரைக்கறாங்கன்னு நான் பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்! அரைக்கறதுக்கு எங்கிருந்து கிடைக்குதுன்னு!"

"நீ மட்டும் என்ன? பக்கெட்டைப் போட்டு உருட்டினியே, அது என்னவாம்?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார்கள், கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். கடைசி வீட்டு மருமகள் சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒருத்தி தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். சுவரோ பலகை. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை தனியாக.

முதல் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. சாவியை எடுத்தாள். "சரி, சரி. வெட்டியா நிக்காதீங்க. குடத்தையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லு, அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே பிடிச்சு வைக்கறேன். குழந்தை எங்கே? அதுக்குச் சாப்பாடு யாரு?" என்றாள், ஏதோ முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி. "அவ திரும்பி வந்து என்னையும் நாலு திட்டுத் திட்டட்டும். வரிசையே ஒரு மாதிரி வெறிச்சுன்னு கிடக்கு."

ஆட்டோக்காரர் வண்டியின் நடுவில் பிளாஸ்டிக் விரிப்பைத் திரைபோலக் கட்டினார். யாராவது தும்மினால் ஒளிந்துகொள்கிற மனிதர் அவர். ஆனால் முடிச்சு சரியாக விழுந்தது. சின்னவளைப் பெரியவள் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து ஏற்றினாள். வாண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் வீட்டம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "பெரிப்பா அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு இப்ப வந்துடுவாரு. அதுவரைக்கும் உனக்கு ஒரு கதை சொல்லவா? ஒரு ராஜாவுக்கு இருமல் வந்துச்சாம்."

"போறதும் வர்றதும் மெதுவா" என்று ஒருத்தி கத்தினாள். ஆட்டோ கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. பெரியவள் வேலை பார்த்த வார்டிலேயே கிடைத்தது. அதற்கு அவள் யாரிடம் என்ன பேசினாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. "உன் கட்டிலுக்கடியில பெருக்கறது யாருன்னு நினைச்சே? நான்தான். அதனால குப்பை போடாம படு" என்றாள் சின்னவளிடம். மூக்கில் குழாயோடு குப்புறக் கிடந்தவள் கண்ணால் சிரித்தாள்.

ஆட்டோக்காரரும் வாண்டுவும் உள்ளே இருக்க, வீட்டுக் கதவுகள் இரண்டிலும் தகரம் விழுந்தது. அதற்குள் விதி மாறியிருந்ததால் வரிசைக்கு விழவில்லை. பெரியவள் வீடு திரும்ப முடியாமல், துணி அடுக்குகிற அறையில் படுத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவே சின்னவளின் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவாள். பேச்சு தேவையில்லை. இருக்கிறேன் என்று இவள் சொல்கிறாள். விரலை மடக்கினால், இருக்கிறேன் என்று அவள் சொல்கிறாள்.

ஒரு சாயங்காலம் விரல் மடங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, குழாயை மாற்றி, முகத்தை மூடுகிற பெரிய கவசத்தை வைத்துவிட்டுப் போனார். சின்னவள் கண்ணைத் திறக்க மறுத்தாள். கூப்பிட்டால் தலையை லேசாக அசைத்தாள், போதும் என்கிற மாதிரி.

பெரியவள் கொழுந்தனுக்குப் போன் போட்டு, சின்னவளின் காதருகே வைத்தாள்.

"பேசு தம்பி. கேக்கறா."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

"அழறதைக் கேக்கறதுக்கா போன் போட்டேன்? பேச வரலைன்னா விடு. வண்டி எங்க நிக்குது? ஏறி ஸ்டார்ட் பண்ணு. அந்தச் சத்தமாவது கேக்கட்டும்."

லாரிக் கதவு அறைகிற சத்தம். பிறகு இருமி இருமி, ஒரு பழைய இன்ஜின் உயிர்பிடித்து உறும ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை அவன் வீடு திரும்பும்போதும் முக்கில் கேட்கிற சத்தம். அதைக் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மெஷினில் போய் உட்காருவாள் சின்னவள். தடுப்பின் ஓட்டை வழியாகப் பெரியவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

சின்னவளின் கண்கள் திறந்தன. கவசத்துக்குள் உதடு அசைந்தது.

"என்ன சொல்றா அண்ணி? என்ன சொல்றா?"

பெரியவள் குனிந்து கேட்டாள். நிமிர்ந்து போனில் சொன்னாள். "டீசலை வீணாக்காதேங்கறா."

கால் கட்டைவிரலைப் பிடித்தாள். மடங்கியது.

அதற்குப் பிறகு ஏற்றம்தான். முதலில் பெரிய கவசம் போனது, பிறகு குழாய் போனது. கடைசியில் சின்னவள் தானே எழுந்து உட்கார்ந்து, வார்டில் கொடுத்த கஞ்சியில் உப்பு இல்லை என்று குறை சொன்னாள். அன்றைக்கே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, இவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தகரத்தைக் கழற்றிய பிறகு இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். வாண்டுவின் தலையில் ஆட்டோக்காரர் பின்னிய பின்னல், வண்டியில் கயிறு கட்டுகிற முடிச்சோடு நின்றது. "அவிழ்க்கவே முடியலம்மா" என்றது குழந்தை பெருமையாக. குடங்கள் நிரம்பியிருந்தன. வரிசையில் யாரோ வெளிப்படையாக, வாயைப் பொத்தக்கூடச் செய்யாமல், ஒரு இருமல் இருமினார்கள். உடனே மூன்று கதவுகளிலிருந்து குரல் வந்தது: "யாரு? என்ன ஆச்சு? வெந்நீர் வேணுமா?"

இன்னும் சில வாரம் போயிற்று. பெரியவளுக்கு மறுபடி இரவு வேலை. ஒரு காலை அவள் வந்து படுத்துக் கண்ணை மூடியதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் கிளம்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. காதை மட்டும் கொடுத்தாள்.

கனமான ஓட்டம். நின்றது. துணி திரும்புகிற இடைவெளி நீண்டது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஓட்டம். 'சிக்'. பிறகு மரத்தில் 'டொக்'.

ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. விரல்களுக்கு நடுவே ஒரு கையூசி, கூடவே ஒரு வெள்ளை நூல்.

"அக்கா, தூங்கிட்டீங்களா? இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க. கண்ணு இன்னும் சரியா பிடிக்கல."

பெரியவள் ஊசியை வாங்கினாள். கோத்தாள். கோத்துவிட்டு, திருப்பிக் கொடுக்காமல் தன் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டாள்.

"அக்கா?"

இவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஊசி!"

பெரியவள் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபடுவது கேட்டது. நல்ல ஆழமாக, அடிவயிறு வரைக்கும் போகிற மூச்சு.

"ஒரு ஊசி கோத்துக் குடுக்கறதுக்கு இந்த வீட்டுல ஒரு யுகம் வேணும் போல இருக்கு, பொழுது விடிஞ்சா படுக்கறது, நாம கூப்பிட்டா செவிடு, மூணு வீட்டு யூனிஃபார்ம் தச்சு முடிக்கணும், பட்டன் கட்டாம குடுத்தா முதல் வீட்டம்மா என் மானத்தை வாங்கிடுவா, அந்த மனுஷன் வேற நாளைக்கு வர்றேன்னு போன் பண்ணியிருக்காரு, வந்தா வீட்டுல ஒண்ணுமில்ல, இதுல நீங்க வேற படுத்துக்கிட்டு விளையாடறீங்க, குடுங்கக்கா ஊசியை!"

ஒரே மூச்சு. நடுவில் எங்கேயும் அறுபடவில்லை.

"பாஸ்" என்று சொல்லி, பெரியவள் ஊசியை நீட்டினாள். "இப்ப என்னைத் தூங்க விடு."